ஒட்டுப் போட்ட கை

ஏழாலை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கு நல்ல சுகம். உனதும் மருமகளினதும் சின்னவனதும் சுகத்துக்கு நல்லூர்க் கந்தனை நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றியும் தங்கச்சியின் இடமாற்றத்தைப் பற்றியும் அவர்களே உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் எழுத உட்கார்ந்தது உன் ட்ரோனைப் பற்றி.

போன கிழமை நீ அனுப்பிய செய்தியில் மூன்று வரிகள்தாம் இருந்தன. ஏரிக்கரையில் காற்று இழுத்து மரக்கிளையில் தட்டி மணலில் விழுந்துவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை, மோட்டரைத் தாங்கும் பின் கையில் சின்ன வெடிப்பு, பசை போட்டு ஒட்டியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறக்கவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு படமும், விழுவதற்கு முன் எடுத்த காணொளியும் வந்தன. காணொளியில் செவ்வாய்க்கிழமை, பகல் 11 மணி என்று இருந்தது. முன்பெல்லாம் ஞாயிறுகளில் மட்டும்தானே பறக்கவிடுவான் என்று அம்மா கேட்டாள். கிழமை நாளில் கரையில் சனம் இராது, ஒருவர் தலையிலும் விழாது, அது நல்லதுதான் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு நான் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

கைத்தொலைபேசியில் அந்தப் படத்தை எவ்வளவு பெருப்பிக்க முடியுமோ அவ்வளவு பெருப்பித்துப் பார்த்தேன். வலப்பக்கப் பின் கையில், உடலோடு மடங்கும் மூட்டுக்கு ஒரு விரல் தள்ளி, பசையின் மினுக்கத்துக்குக் கீழே தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. நீ சின்ன வெடிப்பு என்று எழுதியது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோடு பசை போட்ட இடத்தில் முடியவில்லை. அதைத் தாண்டி, கையின் அடிப்பக்கம் வரை வளைந்து போகிறது. பிளாஸ்ரிக் தாங்க முடியாத அளவுக்கு வளைந்த இடம் அப்படித்தான் வெளிறும். அந்த ட்ரோன் 249 கிராம், ஆகையால் கனடாவில் பதிவு செய்யத் தேவையில்லை என்று நீ வாங்கிய நாளில் மகிழ்ச்சியோடு சொன்னாய். அந்த நிறைக்குள் அடக்குவதற்காகத்தான் கைகளை அவ்வளவு மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள் என்பதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நீ எண்ண மாட்டாய் என்று நம்புகிறேன். சுன்னாகத்தில் நாற்பது வருடம் மோட்டருக்குக் கம்பி சுற்றியவன் நான். இப்போது கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் பொடியன்கள் தங்கள் ட்ரோன்களைத் தூக்கிக்கொண்டு ஈயப்பற்று வைப்பதற்கு என்னிடம்தான் வருகிறார்கள். அந்த மோட்டர் ஒவ்வொன்றுக்கும் மூன்று வயர்கள் போவதை முதன்முதலில் பார்த்தபோது, தோட்டக் கிணற்றடியில் ஓடும் மூன்று பேஸ் மோட்டரின் குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல இருந்தது. என் மகனும் இதைத்தான் வைத்திருக்கிறான், அவன் எடுக்கும் படங்கள் உங்களுடையவற்றை விடத் திறம் என்று அவர்களுக்கு நான் சொல்லாத நாள் இல்லை.

ஆகையால் சொல்வதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடாதே. முதலில் எல்லாவற்றையும் சோதி.

பற்றரியில் தொடங்கு, ஏனென்றால் மற்றவை பழுதானால் ட்ரோன் விழும், பற்றரி பழுதானால் வீடு எரியும். அதைக் கழற்றி ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, மூலையை விரல் நுனியால் மெதுவாகத் தட்டிப் பார். தட்டையாக இருந்தால் அசையாது. வயிறு வைத்திருந்தால் தொட்டில் போல ஆடும். கண்ணுக்குத் தெரியாத வீக்கத்தைக் கூட அந்த ஆட்டம் காட்டிக்கொடுக்கும். ஆடினாலோ, இனிப்புக் கலந்த மருந்து மணம் போல ஏதாவது வந்தாலோ, அதைச் சார்ஜரில் போடாதே, குத்தாதே, அமுக்காதே, வீட்டுக் குப்பையிலும் போடாதே; பழைய பற்றரி எடுக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடு. ஆடாவிட்டால், செயலியில் இரண்டு செல்களின் வோல்ற்றையும் பார். சும்மா இருக்கும்போதே ஒன்றுக்கொன்று 0.1 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் காட்டும் பற்றரியை நான் நம்புவதில்லை. 2019 சித்திரைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் பறப்பதை நாடு முழுவதும் தடை செய்தபோது, இங்குள்ள பொடியன்கள் எல்லாவற்றையும் முழுச் சார்ஜோடு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார்கள். பிறகு திறந்தபோது பாதிப் பற்றரிகள் பூரி போல ஊதியிருந்தன. பறக்காத நாட்களில் பாதியளவில் வைத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் படித்தது அப்போதுதான். உன் ஊரில் இனிக் குளிர் வேறு. குளிரில் பற்றரி திடீரெனச் சோர்ந்துவிடும், ஆகையால் பறக்கவிடும் வரை அதைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திரு.

அடுத்தது மோட்டர்கள். மணலில் விழுந்தது என்றாய். மோட்டரின் உள்ளே இருப்பது காந்தம். மணலில் உள்ள இரும்புத் துகளை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். புல்மோட்டைப் பக்கம் கலியாணத்துக்குப் போன ஒரு பொடியன் அந்தக் கரிய மணலில் இறக்கிவிட்டு வந்து, இரண்டு மோட்டர் இறுகிய நிலையில் என் மேசையில் வைத்தான். பற்றரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மோட்டரையும் விரலால் மெல்லச் சுற்று. நான்கும் ஒரே மாதிரி, காந்தத்தின் சின்னச் சின்னத் தடக்கோடு சுற்ற வேண்டும். சுற்றும்போது காதருகே பிடி. ஒன்று மட்டும் கரகரத்தால் உள்ளே மணல். ஒரு இடத்தில் மட்டும் உரசினால் அச்சு வளைந்திருக்கும். கமரா துடைக்கும் றப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி எடு. எண்ணெய் மட்டும் விடாதே, அது இருக்கிற தூசியையும் இனி வரப்போகும் தூசியையும் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

விசிறி இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நகத்தை ஓரமாக ஓட்டிப் பார். நகம் எங்கே சிக்குகிறதோ அங்கே வெடிப்பு. ஒரு இதழ் போனாலும் அந்தச் சோடி இரண்டையும், அவற்றின் திருகாணிகளையும் புதிதாகப் போடு. கமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலைத் தாங்கும் றப்பர்கள் கழன்றிருக்கின்றனவா, படத்தில் அடிவானம் சரிகிறதா என்று பார்த்துக்கொள். திசைகாட்டியை இரும்புக்கு விலகி நின்று சரிசெய். அவையெல்லாம் உனக்குத் தெரிந்தவை.

எனக்கு உறக்கம் வராமல் செய்வது அந்தக் கைதான். ட்ரோனின் கையைத் துடைத்த பின், ரோச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, விரலால் மிக மெதுவாக மேலே தூக்கு. வெள்ளைக் கோடு விரிந்தால் பசை பிடிக்கவில்லை. விரியாவிட்டாலும் நம்பாதே. நான்கு மோட்டரும் முழு வேகத்தில் இழுக்கும்போது அந்தக் கை நொடிக்கு எத்தனையோ முறை அதிர்கிறது; பசை காய்ந்து கல்லாக நிற்கும், பிளாஸ்ரிக் வளையும், பசையின் ஓரத்தில் அடுத்த வெடிப்பு தொடங்கும். அது மேசையில் உடையாது. சின்னவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உடையும். கைத்தொலைபேசியில் ஒரு கீறல் விழுந்தாலே புதியது வாங்குகிறவன் நீ. அதற்காக உன்னை நான் ஏசியும் இருக்கிறேன். ஒரு கையை மாற்றாமல் பசை போட்டு ஒட்டினான் என்பதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று எழுத நினைத்தேன். விளங்குகிறது, மகனே. எனக்கு நன்றாக விளங்குகிறது.

உன் நாடியில் இருக்கும் தழும்பைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

1993 ஆம் ஆண்டு. நீ அந்த மதகில் விழுந்து சைக்கிளின் முன் ஃபோர்க் வளைந்ததும், நான் அதை நிமிர்த்திக்கொண்டு வந்து தந்ததும் உனக்கு நினைவிருக்கும். நிமிர்த்தும்போது ஒரு கால் வெடித்துவிட்டது. பொருளாதாரத் தடை இருந்த காலம், புது ஃபோர்க் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் கொடுக்கும் விலை என்னிடம் இல்லை. ஒட்டுப் போடுவித்து, அரத்தால் ராவி, ஒருவருக்கும் தெரியாதபடி கறுப்பு மை பூசினேன். உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்து நீ ரியூசன் விட்டு வரும்போது அது முறிந்து, உன் முன் பற்கள் இரண்டும் போய், நாடியில் நான்கு தையல் போட்டார்கள். ஓட்டத் தெரியாமல் ஓடி விழுந்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். தையல் பிரித்த அன்றே பூவரசங் கம்பால் அடித்தேன். நான் மெதுவாகத்தான் வந்தேன் அப்பா என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ உண்மையைத்தான் சொன்னாய். முறிந்த துண்டை நான் பார்த்தேன். முறிவின் ஒரு பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மறு பாதி புது வெள்ளி போல மின்னியது. கறுத்த பாதி ஒட்டின் ஓரத்தில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டு வந்த பாதி. அது தெரியாமல் நீ அந்தச் சைக்கிளை ஓடிக்கொண்டிருந்தாய். அந்தத் துண்டைப் பாழுங் கிணற்றில் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த நாட்களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவனுக்கு என்ன வேலை? ஆனாலும் நான் காலையில் குளித்து, திருநீறு பூசி, அம்மா கட்டித் தந்த பிட்டை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் போய்க் கடையைத் திறந்து, மாலை வரை வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டு இருந்துவிட்டு வருவேன். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் போய் வந்தேன். இன்றைக்கு வேலை எப்படி என்று அம்மா கேட்டால், பரவாயில்லை என்பேன். ஒட்டுப் போட்டேன் என்று சொன்னால் ஏன் புதியது வாங்கவில்லை என்று கேட்பாளே என்ற வெட்கத்தில்தான் உன்னை அந்தச் சைக்கிளில் ஏற்றி அனுப்பினேன். அவளுக்குத் தெரிந்திருந்தால் காப்பை விற்றாவது ஒரு ஃபோர்க் வாங்கியிருப்பாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

அந்தக் கையை முழுதாக மாற்று. அதற்கு ஆகும் செலவை நான் தருகிறேன், மறுக்காதே. இந்த மாதமும் வருகிற மாதமும் இங்கே பணம் அனுப்ப வேண்டாம். பொடியன்கள் தரும் வேலையில் எங்களுக்குப் போதுமான அளவு வருகிறது, மதிலையும் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கை மாற்றிய பிறகும் முதல் நாள் சின்னவனைக் கூட்டிப் போகாதே. தனியாகப் போய், காற்றில்லாத நேரம் பார்த்து, புல்லுக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி வை. பிறகு இறக்கி நான்கு மோட்டரையும் தொட்டுப் பார்; ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அதில் இன்னும் பழுது இருக்கிறது. அதற்குப் பிறகுதான் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். சின்னவன் எப்போதும் உனக்குப் பின்னால் நிற்கட்டும், ஒருபோதும் அதற்குக் கீழே நிற்கக் கூடாது.

மோட்டரைச் சுற்றிப் பார்க்கும்போது எனக்குத் தொலைபேசி எடு. அதைத் தொலைபேசிக்குக் கிட்டப் பிடித்தால் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். உனக்குச் செவ்வாய்க்கிழமை பகல் 11 மணி என்றால் எங்களுக்கு இரவு எட்டரை. நான் சாப்பிட்டுவிட்டு முன் விறாந்தையில்தான் இருப்பேன்.

அன்புள்ள
அப்பா