காரைக்குடிக்கு வருபவர்கள் மண்டியும் கவுனியும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காரைக்குடிப் பக்கத்து உயர்தர உணவகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செஞ்சையில் உள்ள ‘பங்களா’ விடுதியையும் கானாடுகாத்தான் ‘விசாலம்’ விடுதியையும் சொல்லியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் போகிற வழியில் இறங்கிச் சாப்பிடலாம் என்று எழுதியிருப்பது சரியல்ல. இங்கெல்லாம் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் காரைக்குடி சின்ன ஊர்தான். முதல் நாளே போனில் சொல்லிவைத்துவிட்டு வருவது நல்லது.

அதைவிட முக்கியமான ஒன்று. செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் காரம் என்று கட்டுரையில் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படிச் சமைப்பதில்லை. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வாசனைக்காகச் சேர்ப்பவை, அதுவும் கொஞ்சமாக. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியில் மசாலாவுக்கு வேலையே இல்லை. பர்மாவுக்குத் தொழில் செய்யப் போனவர்கள் வழியாக வந்த கவுனி அரிசியை இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினால், விருந்துக்கு அதைவிட ஓர் இனிப்பு வேண்டாம்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவிப்பார் எங்கள் அப்பத்தா. அந்தக் கோபுரம்தான் அளவு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, ஒரு கை பால் தெளித்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் ஓரம் பூப்போல விரிந்து எழும்பும். சிவக்க விடாமல் எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டிய பலகாரம் இது. செய்துவைத்துப் பரிமாறினால் விறைத்துப் போகும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பத்தை இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டு விடுதிக்கு அழைத்துப் போனேன். ஆத்தங்குடிக் கல் தரை, பர்மா தேக்குத் தூண், வாழை இலை எல்லாம் இருந்தன. இலையில் வைத்ததோ கோபி மஞ்சூரியனும் பன்னீர் பட்டர் மசாலாவும். பிள்ளைகளுக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "வெளியூர்க்காரங்க இதத்தான் கேக்குறாங்க ஆச்சி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மண்டி, உக்காரை, கந்தரப்பம் என்ற பெயர்களே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்? கேட்க ஆள் இல்லை என்றால் சமையற்கட்டில் அந்தக் கைப்பக்குவமும் தங்காது.

ஆகவே, அடுத்த முறை எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது எந்த விடுதி அழகு என்பதோடு, அங்கே என்னென்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், எதற்கெல்லாம் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுதி நடத்துபவர்களும் மாலை 4 மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு தட்டு பணியாரம் வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.