கீழ்ப்பாதி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உணவுச் சிறப்புப் பகுதியில் என் படத்துக்கு அடியில் அச்சாகியிருந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். "பார்த்தாலே நாவூறும் பர்கர்!" என்பது அந்த வரி. துரித உணவை விமர்சிக்க எடுத்த படத்துக்கு இப்படியொரு குறிப்பு எழுதத் தனித் திறமை வேண்டும். தங்கள் அலுவலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் அனுப்பியது மேலும் கீழுமாக அடுக்கிய இரட்டைப் படம். மேலே, கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒளிரும் பலகையில் இருக்கிற பர்கர். கீழே, அதே கடையில் அதே பெயரைச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கிய பர்கர். தொடரின் தலைப்பே 'மேலே, கீழே'. கூடவே ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதியிருந்தேன். தாங்கள் கீழே இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு மேலே இருந்ததை மட்டும் அரைப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு கம்பெனி லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த விளம்பரத்தை, அதைக் கேள்வி கேட்பவனிடமே வாங்கி, இலவசமாக வெளியிட்டிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' கூப்பன் வேறு. அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, வாசகர் கத்தரிக்க வசதி செய்திருந்தீர்கள். தங்கள் கத்தரிக்கோல் மட்டும் பக்கம் மாறிப்போய்விட்டது.

உணவு விளம்பரப் படம் எடுத்துத்தான் இத்தனை காலம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே மேல்பாதி எப்படித் தயாராகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி பெட்டியாகப் பன் வரவழைத்து, சுருக்கம் விழாத ஒன்றைப் பொறுக்குவோம். அதற்கு 'ஹீரோ' என்று பெயர். எள் உதிர்ந்த இடத்தில் பசை தொட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டுவோம். இறைச்சியை முழுக்க வேகவிட்டால் சுருங்கிவிடும். மேலாக வாட்டி எண்ணெய் பூசினால் போதும். அடுக்குகளுக்கு நடுவே அட்டை, பின்பக்கம் பல்குச்சி. தக்காளி, வெங்காயம், லெட்யூஸ் எல்லாம் கேமரா பக்கம் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இலைமேல் நிற்கிற நீர்த்துளியில் பாதி கிளிசரின். கடைசியில் கேமராவைப் பர்கரின் உயரத்துக்கு இறக்கிவிட்டால், நாலு விரற்கடைப் பண்டம் ராஜகோபுரம்போல் எழுந்து நிற்கும்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கனடாவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே 2012-இல் தன் படப்பிடிப்பை வீடியோவாக வெளியிட்டு, கடையில் கொடுப்பதையும் விளம்பரத்தில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அதற்கும் வெகுகாலம் முன்பே, காம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே தூக்கி நிறுத்திய கதை அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வரை போனது. அது 1970. தங்களுக்குத் தெரியாததா?

நான் பாடுபட்டது கீழ்ப்பாதிக்கு. கடையின் டியூப்லைட்டில் செல்போனால் எடுத்த ஒரு நசுங்கிய பர்கரைப் போட்டிருந்தால், "வெளிச்சம் சரியில்லை" என்று சொல்லி எவரும் தப்பித்துக்கொள்ளலாம். எனவே பலகைப் படத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்த்து, விளக்கு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது, நிழல் எவ்வளவு மென்மை, லென்ஸ் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். விளக்கொளியை மென்மையாக்கும் அதே ஸாஃப்ட் பாக்ஸ், எதிரே அதே வெள்ளைத் தெர்மகோல், அதே தாழ்ந்த கோணம். விதி ஒன்றுதான்: வாங்கிய பொருளைத் திருப்பி வைக்கலாம், திருத்தக் கூடாது. படத்தின் அடியில் விலையும் கலோரியும் ஒரே அளவு எழுத்தில். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. காட்டுகிறார்கள், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு. அந்த எண்ணை விலைக்குச் சமமாக வளர்த்ததுதான் இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கீழ்ப்பாதியோடு அதுவும் போயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட 'அழுகாத பர்கர்' கட்டுரையும் நினைவுக்கு வருகிறது. பர்கர் அழுகவில்லை, ஆகவே அது நஞ்சு என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். நியூயார்க்கில் சாலி டேவிஸ் என்ற புகைப்படக்காரர் 2010 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸின் ஹாப்பி மீல் என்ற குழந்தைகள் உணவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வைத்து, அது மாறாமல் கிடப்பதை நாள்தோறும் படமெடுத்தார். ஐஸ்லாந்தில் 2009-இல் மெக்டொனால்ட்ஸ் கடையை மூடிக்கொண்டு போனபோது ஒருவர் வாங்கி வைத்த பர்கர், காட்சிப்பொருளாகவே ஆகிவிட்டது. படங்கள் வலுவானவை, மறுக்கவில்லை. ஆனால் கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்ற சமையல் எழுத்தாளர் அதே 2010-இல் வீட்டில் அரைத்த இறைச்சியால் அதே அளவில் பர்கர் செய்து வைத்துப் பார்த்தார். அதுவும் அழுகவில்லை. மெல்லிய பண்டம், ஈரம் வேகமாக வற்றிவிடுகிறது, பூஞ்சைக்குப் பிடிமானம் இல்லை. மொட்டை மாடியில் காயவைத்த கொத்தவரை வற்றலும் அழுகுவதில்லையே, அதை நஞ்சு என்பாரா கட்டுரையாளர்? இதையெல்லாம் எழுதி அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். அந்த வாரக் கடிதப் பகுதியில் அட்டைப்படம் அருமை என்று நான்கு பேர் பாராட்டியிருந்தார்கள்.

என்னிடம் உதவியாளராக இருக்கும் பையனும் முதலில் அந்த அழுகாத பர்கரைத்தான் எடுக்கலாம் என்றான். வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020-இல் பர்கர் கிங் நிறுவனம் தன் வாப்பர் என்ற பர்கர் மீது பச்சைப் பூஞ்சை படர்வதைத் தானே படமெடுத்து, எங்களுடையது கெட்டுப்போகும், ஏனென்றால் செயற்கைப் பதப்படுத்திகள் இல்லை என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்துவிட்டது. நம்முடைய குற்றச்சாட்டை அவர்கள் விற்பனை வாசகமாக்கிக்கொண்டார்கள். கருத்துப்படம் எடுக்கிறவன் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். எங்கே வெட்டினாலும் விளம்பரமாகாத படம் வேண்டும் என்று யோசித்துத்தான் இரண்டையும் ஒட்டி வைத்தேன். ஒரு பத்திரிகையே வெட்டும் என்று நான் யோசிக்கவில்லை.

தள்ளுவண்டி ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை நான் தொடரில் சேர்க்கவே இல்லை. எங்கள் ஊர் வண்டிகளின் ஃப்ளெக்ஸில் ஃபிரைடு ரைஸ் படத்தில் ப்ரோக்கோலி இருக்கும். அந்தத் தெருவில் ப்ரோக்கோலியைக் கண்ணால் பார்த்தவர் இருக்க மாட்டார். அது ஃப்ளெக்ஸ் அடிப்பவர் எங்கிருந்தோ இறக்கிய படம், வண்டிக்காரர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவரிடம் என்ன கேட்பது? ஆனால் தங்கள் சிறப்புப் பகுதி நான்கு பக்கம் அவரைத்தான் சாடியிருக்கிறது. அவர் கூப்பன் விளம்பரம் கொடுப்பதில்லை அல்லவா.

போன ஆண்டு குழந்தைகளின் உடல்பருமன் பற்றிய கட்டுரைக்கு, ஒரு பருத்த பள்ளிச் சிறுவனைப் பின்னாலிருந்து எடுத்துப் போட்டிருந்தீர்கள். முகம் தெரியாவிட்டால் போதுமா? அவன் பையை, சட்டையை, நடையை அவன் வகுப்பில் அடையாளம் தெரியாதவர் யார்? உண்பவனைக் கேலிப்பொருளாக்காமல் பண்டத்தைக் கேள்வி கேட்க முடியாதா என்ற எரிச்சலில்தான் என் தொடரே தொடங்கியது. அந்த வகையில் தங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

படத்துக்குப் பெயர் போடும் வழக்கம் தங்கள் இதழில் இல்லாததைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முன்பொருமுறை என் வைகுண்ட ஏகாதசிப் படத்துக்கு 'படம்: இணையம்' என்று போட்டீர்கள். இம்முறை அதுவும் இல்லை.

கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் சேர்த்து, தபால்தலை அளவில் என்றாலும் சரி, கலோரி எண் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன விளம்பரம் வேண்டுமானாலும் வரட்டும். தொலைபேசியில் கேட்டதற்கு, கோப்பு பெரிதாக இருந்ததால் பாதிதான் திறந்தது என்றார்கள். அதனால் இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
'இணையம்',
திருச்சி.