மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு: மலை ஏற ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் சுற்றுலாப் பொறுப்பேற்று வரும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் எங்கள் பக்கம் பள்ளிச் சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்கிவிடும். நான் மாமல்லபுரத்தை ஒட்டிய ஊர்க்காரி. விடிவதற்கு முன்பே கிளம்பி, வழியில் எங்கோ இட்லிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பாட்டுச் சத்தத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் பிள்ளைகளைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். ஒப்புதல் கடிதம் வாங்குவது, காசு வசூலிப்பது, வராத பிள்ளையின் அப்பாவிடம் பேசுவது, வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பது என்று இந்த ஒரு நாளுக்காக நீங்கள் படும் பாடும் தெரியும். அந்த மரியாதையோடுதான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

பெரும்பாலான வண்டிகளின் நிரல் ஒன்றுபோலவே இருக்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணை, வெண்ணெய் உருண்டைப் பாறை, அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில். பிறகு கடலில் கால் நனைத்துவிட்டுச் சாப்பாடு, மறுபடி வண்டி. இந்த நிரலில் மலை இல்லை. வெண்ணெய் உருண்டை நிற்பது அந்த மலைச்சரிவில்தான். அர்ச்சுனன் தபசு செதுக்கப்பட்டிருப்பது அதன் கிழக்கு முகத்தில்தான். மலையின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிற பிள்ளைகள், பத்து நிமிடம் நடந்தால் எட்டிவிடக்கூடிய உச்சிக்குப் போகாமலே ஊர் திரும்புகிறார்கள். அவர்களை மேலே நடத்திக் கூட்டிப் போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மலை என்றதும் பயப்பட வேண்டாம். ஊரின் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு பாறைக்குன்று அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சு வாங்காமல் ஏறிவிடும். வடக்கே வெண்ணெய் உருண்டைப் பக்கம் தொடங்கித் தெற்கே கலங்கரை விளக்கத்தில் முடிப்பதுதான் நல்லது. இடையில் நின்று நின்று பார்த்தாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்.

வெண்ணெய் உருண்டையைத் தாண்டியதும் கணேச ரதம். முழுப் பாறையை வெளியிலிருந்து செதுக்கிச் செதுக்கி ஒரு கோயிலாக ஆக்கியிருக்கிறார்கள். சிவனுக்காக எழுப்பியது, பிள்ளையார் பின்னால் வந்தவர். ஐந்து ரதங்கள் பக்கம் இருக்கும் கூட்டமும் தள்ளுமுள்ளும் இங்கே இருக்காது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் காட்டலாம். அங்கிருந்து மேலே ஏறினால் வராக மண்டபம், முடிக்காமலே விட்ட ராயர் கோபுரம், சிங்கத் தலையோடு கூடிய கல் இருக்கை. அந்த இருக்கையைத் தருமராஜர் சிம்மாசனம் என்பார்கள். யார் உட்கார்ந்தது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

கேள்வி கேட்கிற இடங்கள் இந்த மலையில் நிறைய. பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், ஒன்றுக்கொன்று சாண் அளவுகூட இடைவெளி இல்லாமல். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழி போட்டு, ஆப்பு இறக்கி, பாறையைப் பிளந்த இடம் அது. சில வரிசைகளில் பாறை பிளந்துபோயிருக்கும். சிலவற்றில் குழியோடு வேலை நின்றுபோயிருக்கும். முடிந்த சிற்பத்தைப் பார்க்கும்போது அதைச் செய்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதியில் நின்ற குழி வரிசையில் அவர் தெரிகிறார். வேலைக்காரர் ஒருவர் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உளியடித்த இடத்தில் நம் பிள்ளையின் விரல் இருக்கிறது. இதைக் கீழே பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காட்ட முடியாது.

அர்ச்சுனன் தபசுக்கும் இதே நியாயம்தான். கீழே நின்று பார்க்கும்போது யானைக் கூட்டமும், ஒற்றைக் காலில் தவம் செய்பவரும், தவ வேடம் போட்ட பூனையும் தெரியும். பிள்ளைகளுக்குப் பூனைதான் பிடிக்கும், எனக்கும் அப்படியே. நடுவில் ஓடும் பிளவில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துகிறார்கள். அந்தப் பிளவு வழியே தண்ணீர் வழியும்படி மேலே தொட்டி ஒன்று இருந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். தவம் செய்பவர் சிவனிடம் பாசுபதம் என்ற ஆயுதத்தை வேண்டிய அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற வாதமே இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் நடக்கிறது. கீழே படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அந்த வாதம் மதிப்பெண்ணுக்கான ஒரு வரி. மேலே ஏறிப் பாறையின் சரிவைப் பார்த்த பிள்ளை, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தானே சொல்லும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் இராமானுச மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சிவனுக்காகக் குடைந்த மண்டபம் அது. உள்ளே இருந்த புடைப்புச் சிற்பங்களைப் பிற்காலத்தில் யாரோ உளி கொண்டு மழித்திருக்கிறார்கள். சுவரில் உருவங்களின் நிழல் மட்டும் மிச்சம். அதே மண்டபத்தின் தரையில் ஒரு கல்வெட்டு: எவர் நெஞ்சில் உருத்திரன் குடியிருக்கவில்லையோ அவர்க்கு ஆறு மடங்கு கேடு என்ற பொருளில் ஒரு சாபம். சாபமும் இருக்கிறது, சிற்பமும் மழிக்கப்பட்டிருக்கிறது. சமயப் பூசல் என்று பாடப்புத்தகம் ஒரு சொல்லில் கடந்துபோவதைப் பிள்ளைகள் இங்கே கண்ணால் பார்க்கிறார்கள். என்ன சொல்லி விளக்குவது என்பது உங்கள் கையில். ஆனால் மறைக்காமல் காட்டுங்கள், பிளஸ் ஒன் பிள்ளைக்கு அதைத் தாங்கும் வயதுதான்.

இனித் தெற்குக் கோடி. என் வேண்டுகோளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் மகிடாசுரமர்த்தினி மண்டபம். உள்ளே ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை, வில்லை இழுத்தபடி முன்னே பாய்கிறாள். எதிரே எருமைத் தலையோடு மகிடன். அவனுடைய கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முகம் இன்னும் சண்டையை விடவில்லை, கதாயுதமும் கையில் இருக்கிறது. ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது, கால் பின்வாங்கத் தயாராக நிற்கிறது. தோல்வி அவன் மனசுக்கு எட்டும் முன்னே காலுக்கு எட்டிவிட்டது. இதைச் செதுக்கியவர் எத்தனை சண்டை பார்த்தவரோ! திரும்பினால் எதிர்ச் சுவரில் பாம்பணையில் திருமால் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் அத்தனை ஆரவாரம், மறு பக்கம் அத்தனை அமைதி. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு ஓவிய ஆசிரியர் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மண்டபத்தின் தலைக்கு மேலேயே இன்னொரு கோயில் இருக்கிறது என்பதைக் கீழே வந்து போகிறவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. ஒலக்கண்ணேசுவரர் கோயில். குடைந்ததும் இல்லை, ஒரே கல்லில் செதுக்கியதும் இல்லை. கல் மேல் கல் அடுக்கிக் கட்டியது, எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. கருவறைக்கு மேல் இருந்த விமானம் போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. கயிலையைத் தூக்கும் இராவணனும் தென்முகக் கடவுளும் அந்தச் சுவர்களில் இன்னும் இருக்கிறார்கள். குடைவரை, ஒற்றைக்கல் கோயில், கட்டுமானக் கோயில் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற மூன்று வகையும் இந்த ஒரு மணி நேர நடையில் காலுக்கடியில் வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வண்டி ஏறித்தான் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றின் முதுகில் இன்னொன்று நிற்கிறது.

பக்கத்தில் கலங்கரை விளக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் கருங்கல் கோபுரம் எழும்புவதற்கு முன்னால், ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் தலையிலேயே விளக்கு வைத்துத்தான் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். உள்ளூரில் அந்தக் கோயிலைப் பழைய லைட் ஹவுஸ் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். 2001இல் விடுதலைப் புலிகளின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிக் கோபுரத்துக்குள் பார்வையாளர்களை விடுவதை நிறுத்தியிருந்தார்கள். 2011இல் மறுபடி திறந்தார்கள்.

தமிழாசிரியர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பாடுகிறார். ஏணி சாத்தினாலும் ஏறுவதற்கு அரிய உயர்ந்த மாடம், அதன் உச்சியில் இரவில் மூட்டிய தீ, அந்தத் தீயைக் கண்டு கரைக்கு வரும் கப்பல்கள் என்று காட்சி விரிகிறது. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு, ஒப்பாதவர்களும் உண்டு. எப்படியானாலும், கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று கடலைப் பார்த்தபடி அந்தப் பகுதியை நீங்கள் வாய்விட்டுப் படித்தால் போதும், பிள்ளைகளுக்கு உரைநூல் தேவைப்படாது. நீங்கள் படிக்கும் குரலுக்காகவே அந்த இடம் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

உச்சியிலிருந்து சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். கிழக்கே கடல், கரையோரம் கடற்கரைக் கோயில். காலடியில் தலசயனப் பெருமாள் கோயில். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது, திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லையும் இதுவே. மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் முதல் உலை வணிக உற்பத்தி தொடங்கியது 1984இல், மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே 1984இல். வரலாற்று ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து வந்த சுற்றுலா என்றால் இருவருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

உங்கள் தயக்கங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. நேரம் இல்லை என்பீர்கள். முதலைப் பண்ணையை மதியத்துக்கு மேல் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம், அங்கே மர நிழல் இருக்கிறது. மலையை மட்டும் காலையில் முதல் வேலையாக வையுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை காயத் தொடங்கிவிடும், பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கோபுரத்துக்குள் ஏறும் நேரமும் சீட்டும் தனி. அது திறக்கட்டும் என்று காத்திருந்து காலை நேரத்தைக் கோட்டைவிட வேண்டாம், அடியிலிருந்தே பார்க்க எல்லாம் இருக்கிறது.

பாதுகாப்பு உண்மையான கவலை. பலர் ஏறி ஏறி வழவழப்பான பாறை, சில இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. மழை பெய்த அன்று ஏறவே கூடாது. மற்ற நாட்களில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர் என்று போனால் சமாளிக்கலாம். ஒலக்கண்ணேசுவரர் கோயிலுக்கு ஏறும் படி செங்குத்தானது. காவலர் அனுமதித்தால் மட்டும், சின்னப் பிள்ளைகளைத் தவிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். செருப்பு சறுக்காததாக இருக்கட்டும். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் குரங்கு விடாது, வண்டியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டும் போதும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த பிறகே ஏறத் தொடங்குங்கள். மேலே அதற்கு வழியில்லை, கூச்சத்தில் சொல்லாமல் அடக்கிக்கொண்டு நடக்கிற பிள்ளைக்கு எந்தச் சிற்பமும் கண்ணில் படாது.

ஏற முடியாத பிள்ளை ஒன்று உங்கள் குழுவில் இருந்தால் வண்டியில் உட்கார வைத்துவிடாதீர்கள். நண்பர்கள் இரண்டு பேரையும் ஓர் ஆசிரியரையும் துணைக்குக் கொடுத்து, கீழே கிருஷ்ண மண்டபத்துக்கு அனுப்புங்கள். சாலையோரத்திலேயே இருக்கிறது. பால் கறக்கும் ஆயனையும், கன்றை நக்கிக் கொடுக்கும் பசுவையும் அருகில் போய் நிதானமாகப் பார்க்கட்டும். மேலே போனவர்கள் இறங்கி வந்ததும் அவர்களுக்கு அதைக் காட்டும் வேலை இந்தப் பிள்ளையுடையது.

இறங்கியதும் நேராக வண்டிக்குப் போகாமல் ஒரு சிற்பப் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலைமேல் குழிக்குள் விரல் விட்டுப் பார்த்த பிள்ளைகள், அதே உளி இன்று ஒருவர் கையில் இயங்குவதைப் பார்ப்பார்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், கேட்டுக்கொண்டு நின்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. நிரலில் எழுதினால் மட்டும் இது நடக்காது, அவசரத்தில் முதலில் அடிபடுவது மலையாகத்தான் இருக்கும். அதனால் முதல் நாளே ஓட்டுநர் அண்ணனிடம் பேசிவிடுங்கள். பிள்ளைகளை வெண்ணெய் உருண்டைப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டு, வண்டியைத் தெற்கே ஐந்து ரதங்களின் பக்கம் உள்ள நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியைப் பிடிக்கவாவது எல்லோரும் மலை மேலேறி நடந்துதான் ஆக வேண்டும்.

அன்புடன்,
மாமல்லபுரத்தை ஒட்டிய ஊர்க்காரி ஒருத்தி