இம்பாலாவின் கூலர் பைப்: தம்பிக்கு ஒரு கடிதம்

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஆத்தா தனியாக எழுதுவாள்.

தை பிறந்ததும் வருகிறாய். வந்த மறுநாளே ஷெட்டுக்குள் போய்விடுவாய், தெரியும். இம்பாலா காருக்கு அடியில் விரித்த தாளில் தினம் சிவப்புப் பொட்டு விழுகிறது. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போய்வரும் இரண்டு இரும்புப் பைப்பும் முனைகளில் துருப்பிடித்துவிட்டன. நட்டுகளின் முனையும் மழுங்கிவிட்டது. தார்ப்பாய்க்குள் ஐப்பசி கார்த்திகை ஈரம் தங்கினால் இப்படித்தான் ஆகும்.

சாமான்களை நீ இருக்கும் ஊரிலேயே வாங்கி வா. இங்கே கடைகளில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கு, அந்த வண்டி முழுக்க இஞ்ச் கணக்கு. பைப் 5/16 இஞ்ச், அதாவது 7.94 மில்லி. 8 மில்லி பைப்பைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. நட்டில்தான் வம்பு. அதன் மரை அரை இஞ்ச், இஞ்சுக்கு 20 சுற்று. 12 மில்லி நட்டு அந்தத் துளையில் தொளதொளவென்று நிற்கும், இறுக்கினால் மரையை வழித்துக்கொண்டு போகும்.

5/16 பைப் 25 அடிச் சுருள் ஒன்று போதும். நிக்கல் கலந்த செம்புக் குழாய் என்று கேள், கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் இறுகிப்போய் முனையில் வெடிக்கும். நட்டு 4 வேண்டும், 8 வாங்கு. கியர்பாக்ஸ் உடம்பில் ஏறும் பித்தளை இணைப்பு 2. பவர்கிளைடு கியர்பாக்ஸுக்கு அது 1/8 இஞ்ச் கூம்பு மரை. பின்னால் வந்த டர்போ 350, 400 கியர்பாக்ஸ் இரண்டுக்கும் 1/4 இஞ்ச் நேர் மரை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார், சொல்லி வாங்கு. பைப் முனையை விரித்து மடிக்கும் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர் கருவி, பைப் வெட்டி, அரை இஞ்ச் ஃப்ளேர் ஸ்பானர் மூன்றும் வேண்டும். 37 டிகிரி ரேஸ் கார் சாமானைத் தொடாதே, இரண்டும் ஒன்றோடொன்று உட்காராது. எண்ணெயை விமானத்தில் சுமக்காதே, டெக்ஸ்ரான் 3 இங்கேயே 4 லிட்டர் வாங்கி வைக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தை உறுதிப்படுத்திக்கொள். கீழே சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றாக இருக்காது. வேறு இடத்தில் கசிந்த எண்ணெயும் வழிந்து வந்து இந்த நட்டில் தொங்கலாம். சுற்றிலும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவு. என்ஜினை பத்து நிமிடம் ஓடவிட்டால் வெள்ளையில் சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

இனி சொல்வதை நன்றாக மனதில் வை. ரேடியேட்டர் முனையில் இரண்டு ஸ்பானர் போடாமல் நட்டைத் திருப்பாதே. எண்ணெய்க் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தெரியும் பித்தளை முனை அதோடு பற்றவைத்தது. அதை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் முனையும் சேர்ந்து சுற்றும், உள்ளே விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடியபின் எண்ணெய் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவினால் எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி வரும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் தகடுகளில் ஒட்டிய பொருள் ஊறி உரிந்துபோகும். நூறு ரூபாய் நட்டுக்காகக் கியர்பாக்ஸ் முழுக்கப் பிரிக்க நேரும்.

முதல் நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவை. மறுநாள் நட்டு சுற்றும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்து. பைப்பை நட்டுக்கு ஒரு இஞ்ச் தள்ளி வெட்டிவிடு, எப்படியும் தூக்கி எறியப்போகிற பைப்தான். பிறகு ஆறுமுனை சாக்கெட்டை ஏற்றித் திருப்பினால் வந்துவிடும். இடுக்கி வேண்டாம். திறந்த முனைகளில் உடனே சுத்தமான துணியைச் சுற்று, நம்ம ஊர்ச் செம்மண் தூசு கியரை மாற்றும் வால்வு பாடிக்குள் போனால் கியர் சிக்கும். எந்தப் பைப் மேல், எந்தப் பைப் கீழ் என்று ஒரு நூல் கட்டி வை. பழைய பைப்பை எறியாதே, அதைப் பார்த்துத்தான் புதியதை வளைக்க வேண்டும்.

ஃப்ளேர் பிடிப்பதற்கு முன் நட்டைப் பைப்பில் கோத்துவிட்டாயா பார். இதை மறக்காதவர் யாரும் இல்லை. வெட்டிய முனை சதுரமாக நிற்க வேண்டும். உள் பிசிறை வழித்துவிட்டு வெளி ஓரத்தை லேசாக அராவு. முதல் அழுத்தத்தில் முனை குடைக்காளான் போலக் குவியும், இரண்டாவதில் அது உள்ளே மடிந்து இரண்டடுக்காகும். ஒற்றை ஃப்ளேர் போட்டால் இறுக்கும்போது பிளந்துவிடும். முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள். துண்டுப் பைப்பில் மூன்று போட்டுப் பழகு. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பப் போடு, அதை நட்டின் இறுக்கம் சரிசெய்யாது.

கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம். கூம்பு மரை ஆப்பு போல வேலை செய்யும், பலம் காட்டினால் உடம்பே பிளக்கும். அதற்கு மட்டும் மரை பசை, முதல் இரண்டு சுற்றை விட்டுத் தடவு. கையால் போகிற வரை ஏற்றி, அதற்கு மேல் ஒன்றரைச் சுற்று. ஃப்ளேர் நட்டுக்குப் பசையோ டெஃப்லான் டேப்போ கிடையாது. அங்கே தடுப்பது உலோகத்தோடு உலோகம் சேர்வதுதான், மரை அல்ல. டேப் துணுக்கு உள்ளே போனால் கூலர் அடைத்துக்கொள்ளும்.

நட்டு கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் பைப் கோணலாக இருக்கிறது. பைப்பைத் திருத்து, நட்டை அமுக்காதே. நான்கு முனையும் கையால் ஏறிய பிறகுதான் ஸ்பானர். சைலன்சர் பைப்பிலிருந்து ஒரு விரல்கடையாவது தள்ளிப் புதுப் பைப்பைக் கொண்டுபோ. என்ஜின் ரப்பரில் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. ஆகவே நடுவில் வளைவுக்கு இடம் விடு, நேராக இழுத்துக் கட்டினால் ஃப்ளேரில்தான் விரிசல் விழும்.

இங்கே சில மெக்கானிக்குகள் துரு முனையை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் மாட்டிக் கிளாம்ப் போடலாம் என்பார்கள். பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டில் விறைத்துப்போகும். ஒரு நாள் கழன்று சூடான சைலன்சரில் எண்ணெய் தெளித்தால் தீப்பிடிக்கும். நமக்கு வேண்டாம்.

எண்ணெய் ஒன்று ஒன்றரை லிட்டர் குறைந்திருக்கும். வண்டி சமதளத்தில், என்ஜின் ஓடும்போது சூடாகப் பார்த்து ஊற்று. பார்க்கிலா நியூட்ரலிலா என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாங்கட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கால் லிட்டராக ஊற்று, மிஞ்சினால் நுரைக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியருக்கும் ஒருமுறை போட்டு எடு. கசிந்தால் அந்த நட்டைத் தளர்த்தி இறுக்கி, இரண்டு மூன்று முறை செய், ஃப்ளேர் உட்காரும் பித்தளைப் பரப்பு படிந்துகொள்ளும். பிறகு கானாடுகாத்தான் வரை போய்வந்து, ஆறியதும் டார்ச் அடித்துப் பார்.

ஜாக்கி ஸ்டாண்டு இரண்டும் ஷெட்டில் இருக்கின்றன. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே. எண்ணெய்க் கையோடு முகப்புக்கு வராதே, ஆத்தங்குடிக் கல்லில் அந்தச் சிவப்பு இறங்கினால் ஆத்தா உன்னை விடமாட்டாள்.

அன்புடன்,
அப்பச்சி