ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்: என் அக்காவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்

மேதகு ஆயர்களுக்கும் அவர்களோடு பணிசெய்யும் பங்குத்தந்தையர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

தன்பாலினத் திருமணம் பற்றித் திருச்சபை என்ன போதிக்கிறது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள பத்திகளை நானும் பலமுறை படித்திருக்கிறேன். படித்து, ஜெபித்து, நம்பிக்கையான குருக்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து மறுபடி யோசித்து, இத்தனைக்கும் பிறகு என் மனசாட்சி அதை ஏற்க மறுக்கிறது. இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ வாழ்நாள் முழுக்க ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்தால் அதைப் பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது திருமணமாகத்தான் தெரிகிறது. திருச்சபையை விட்டுப் போகும் எண்ணமும் எனக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது என் மகளின் திருமுழுக்கு. ஞானத்தாயாக என் அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தேன். எனக்கு ஜெபமாலை சொல்லிக்கொடுத்தவள் அவள். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் என்னை உறுதிப்பூசுதலுக்குத் தயார் செய்தவளும் அவள்தான். மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறாள், ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்திருக்கிறாள். பல வருடங்களாகத் தன் துணைவியோடு வாழ்கிறாள். சட்டப்படி மணம் செய்துகொண்டவர்கள், யாரிடமும் மறைத்ததில்லை. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்ட பங்கு அலுவலகம், நாள் நெருங்கி வந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, வேறு பெயர் கொடுங்கள் என்றது. ஏன் என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியும்" என்று பதில் வந்தது.

சரி, குழந்தையின் திருமுழுக்கு நின்றுவிடக் கூடாதே என்று உறவில் ஒருவரின் பெயரைக் கொடுத்தோம். அவர் கோயில் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. விசுவாசப் பிரமாணம் முழுதாகச் சொல்ல வராது, அதை அவரே ஒளிக்காமல் சொன்னார். ஆனால் கோயிலில் கல்யாணம் ஆனவர். அது போதுமானதாக இருந்தது, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திருமுழுக்கு அன்று குருவானவர் கேட்ட கேள்விகளுக்கு அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்ல, அக்கா பின்வரிசையிலிருந்து "விசுவசிக்கிறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் போட்ட வெள்ளாடை அவள் தைத்தது. அதை வாங்கிக்கொள்வதில் யாருக்கும் தடை இருக்கவில்லை.

2023 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். ஞானப்பெற்றோர் விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழ வேண்டும் என்ற திருச்சபைச் சட்டத்தின் 874-ஆம் பிரிவைக் காட்டி, எல்லோரும் அறியக் கணவன் மனைவி போல வாழ்கிறவர்களின் நிலை வேறு என்கிறது அது. அதே பதில், ஒவ்வொரு நிலைமையையும் மேய்ப்புப்பணி விவேகத்தோடு எடைபோட வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் எடைபோட்டது யார்? அக்காவை யாருமே கூப்பிட்டுப் பேசவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே முடிவு வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். இந்தப் போதனையை மறுபடி எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது, யாரைப் பற்றி முடிவெடுக்கிறீர்களோ அவர்களை எதிரே உட்காரவைத்துக் கேளுங்கள்.

திருமண உறவு புதிய உயிருக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது உங்கள் முக்கியமான வாதம். ஆனால் மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுக்காது என்று திருச்சபைச் சட்டத்தின் 1084-ஆம் பிரிவு சொல்கிறது. துணையை இழந்த இரண்டு பேர் முதிய வயதில் மணமுடிக்க வந்தால் பீடத்தின் முன் நிறுத்தி மகிழ்ச்சியோடு ஆசீர்வதிக்கிறீர்கள், நானும் அப்படியொரு பூசையில் மகிழ்ந்திருக்கிறேன். அங்கே ஆண், பெண் என்ற ஒழுங்கு இருக்கிறது என்பீர்கள். அந்தப் பதிலைத் தட்டிக்கழிக்காமல் யோசித்தேன், அது எனக்குப் போதவில்லை. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" பிரமாணிக்கமாயிருப்போம் என்றுதானே வாக்குக் கொடுக்கவைக்கிறீர்கள்? துணைவிக்கு உடம்பு முடியாமல் போன மாதங்களில் என் அக்கா அதைத்தான் செய்தாள், இரவும் பகலும், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் எந்த இடத்தில் பாவம் வந்தது என்று எனக்குக் காட்டுங்கள்.

போதனை மாறாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி நூலில் மரண தண்டனை பற்றிய 2267-ஆம் பத்தியை மாற்றி எழுதச் செய்தார். சமய சுதந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் கண்டித்தார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அது மனித மாண்பிலேயே வேரூன்றிய உரிமை என்றது. இதை மாற்றம் என்று சொல்லக் கூடாது, வளர்ச்சி என்பீர்கள். சரி, வளர்ச்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வளர்ச்சிக்கு ஏன் இடமில்லை?

ஆசீர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில், இறைவன் பாவத்தை ஆசீர்வதிப்பதில்லை, ஆசீர்வதிக்கவும் முடியாது என்று வத்திக்கான் எழுதியது. 2023 டிசம்பர் 18-ல் 'ஃபிதூச்சியா சுப்ளிக்கான்ஸ்' என்ற வத்திக்கான் அறிக்கை வந்தது, தன்பாலின ஜோடிகளுக்கு ஆசீர் தரலாம் என்றது. அன்றைக்கு அக்காவும் நானும் அழுதோம். அப்புறம் 2024 ஜனவரியில் விளக்கம் வந்தது: திருமணம் போலத் தெரியக் கூடாது, வழிபாட்டுச் சடங்கு கூடாது, சில விநாடிகள், 10 அல்லது 15 விநாடிகள் போதும். வீட்டுக்கும் வாகனத்துக்கும்கூட ஆசீர் நூலில் முறையான ஜெபமும் வாசகமும் இருக்கின்றன. ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக ஜெபிக்கிற இரண்டு பேருக்கு ஓரமாக நின்று 15 விநாடி. அதையும் தர மாட்டோம் என்று பல ஆயர் பேரவைகள் அறிவித்தன.

என்னைப் போல நினைக்கிறவர்கள் கொஞ்சம் பேர் என்று எண்ண வேண்டாம். 2015 மே மாதத்தில் அயர்லாந்தில், கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், தன்பாலினத் திருமணத்துக்கு 62 விழுக்காட்டினர் ஆம் என்று வாக்களித்தார்கள். அமெரிக்காவில் 2019-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது கத்தோலிக்கர்களில் 10 பேரில் 6 பேர் ஆதரித்தார்கள். வாக்கு எண்ணி உண்மையைத் தீர்மானிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் திருமுழுக்குப் பெற்ற இத்தனை பேர் மனசாட்சியோடு மாறுபடும்போது அவர்களுக்கு மறைக்கல்வி போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியா? இறைவனோடு மனிதர் தனித்திருக்கும் இடம் மனசாட்சி என்று சொன்னது அதே இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான். திருச்சபையின் நலன் பற்றிய கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது எங்கள் உரிமை, சில சமயம் கடமையும்கூட என்று திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைத்தான் செய்கிறேன். 2021-ல் தொடங்கிய ஆயர்கள் மாமன்றத்துக்காக எல்லோரையும் கேட்கிறோம் என்றீர்கள், நானும் எழுதிக் கொடுத்தேன். அதன் 2024 இறுதி ஆவணத்தில், திருமண நிலையாலோ அடையாளத்தாலோ பாலியலாலோ ஒதுக்கப்பட்டதாக வருந்துகிறவர்கள் பற்றிக் குறிப்பு வந்தது. எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றி, பெற்றோரின் வாயை அடைத்த வரலாறு 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் வெளிவந்தது, பிறகு நாடு நாடாக வெளிவந்தது. அவர்கள் எத்தனையோ குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய வாழ்க்கை விசுவாசத்துக்கு ஏற்றதா என்று கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. என் அக்காவின் வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று மட்டும் எப்படி உடனே கண்ணில் படுகிறது?

கோபம்தான். ஆனாலும் உங்கள் பணியை மதிக்கிறவள் என்ற முறையில் தாழ்மையோடு கேட்கிறேன். தன்பாலினத் திருமணம் பற்றிய போதனையை மறுபடி எடுத்துப் பாருங்கள், அதில் மாறுபடுகிறவர்களை விரோதிகளாக நினைக்காமல் பேச விடுங்கள். அதற்கு வருடங்கள் ஆகும் என்று தெரியும். அதுவரை, ஞானப்பெற்றோராகவோ வாசகராகவோ பாடகர் குழுவிலோ ஒருவர் வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன், குருவானவர் அவரை நேரில் சந்தித்துப் பேசியே ஆக வேண்டும் என்று எல்லாப் பங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் போதனை எதையும் மாற்ற வேண்டியதில்லை, இந்த வாரமே செய்யலாம். முதல் சந்திப்புக்கு அக்கா வரத் தயார். நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் இறைமக்களில் ஒருத்தி