மனசுலதான் என்று சொன்னேனே

அன்புள்ள அம்மாடி,

போன வாரம் போனில் உன் முதுகு வலியைப் பற்றிப் பேசும்போது "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நீ "சரிப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான் நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. எழுதினாலாவது ஒழுங்காக வருகிறதா பார்க்கிறேன்.

எனக்கு ஆறு வருடம் கழுத்து வலி இருந்தது உனக்குத் தெரியும். ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. எட்டு வயதில் நீ சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்த அன்று, ஒரு வாளித் தண்ணீர் தூக்கவே பயந்துகொண்டிருந்த நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தையல் போட்டு வீடு திரும்பும்வரை கழுத்து என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. நீ தூங்கிய பிறகு வலி எழுந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியென்றால் இத்தனை நாளும் நடித்தேனா? வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் பலத்த காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்திருக்கிறார். பெரும்பாலோர் வலி மருந்து வேண்டாம் என்றார்களாம். போர்முனையிலிருந்து உயிரோடு வந்துவிட்டோம் என்ற நிம்மதிதான் காரணம் என்று அவர் நினைத்தார். 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, மூளையே அதைத் திறக்கவும் சாத்தவும் செய்யும் என்றார்கள். விவரங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும் அடிப்படை நிற்கிறது.

எனக்கு உறைத்தது 1978-ல் வந்த ஒரு ஆய்வு. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோது சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நலோக்சோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடிவிட்டது. நலோக்சோன், மார்பின் வகை வலிநிவாரணி மருந்துகளின் வேலையைத் தடுப்பது. அப்படியானால் 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையே உடம்புக்குள் நிஜமான வலிநிவாரணியைச் சுரக்க வைத்திருக்கிறது. மனசு என்று நான் சொன்னது இதைத்தான். அது உடம்போடு சேர்ந்ததுதானே அம்மா. உன் வலி பொய் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட வலி என்கிறார்கள். உனக்கு இரண்டு வருடம். ஒருமுறை திருடனைப் பார்த்துவிட்ட நாய் அப்புறம் காற்றுக்கும் குரைக்கும் இல்லையா, நரம்பும் அப்படி ஆகிவிடுவதுண்டு. பயம், தூக்கமின்மை, கோபம் எல்லாம் அந்த நாயை இன்னும் உசுப்பிவிடும்.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ ராத்திரியில் எடுத்து எடுத்துப் படிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். (அவரைத் திட்டாதே.) டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற வரிதானே? 1994-ல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அந்த வரியை நம்பி நீ குனிவதை விட்டாய், நடப்பதை விட்டாய். அசையாத உடம்பு இன்னும் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் பயம். நானும் அந்தச் செக்கைச் சுற்றியவன்தான்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ இந்தக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போ. மற்றபடி, வலி தொடங்கிய மாதத்தில்தான் உன் வேலையும் போனது. கேட்கலாமா என்று பலமுறை நினைத்து விட்டுவிட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு சாயந்திரம் கூப்பிடுகிறேன். நான் இங்கே நடந்துகொண்டே பேசுவேன், நீயும் அங்கே நடந்துகொண்டே பேசு. பத்து நிமிடம் போதும். வலி எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன்.

அப்பா