சுவிசேஷமும் சோற்று அண்டாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சபையின் வேலை பிரசங்கமா, பசியாற்றுவதா என்ற வாக்குவாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிச் சபைகளில் இன்னும் ஓயவில்லை. ஆதித் திருச்சபையான எருசலேம் சபை இரண்டையும் தன் கடமையாகவே வைத்திருந்தது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபடுவதாக முறுமுறுப்பு எழுந்ததும், 7 பேரைத் தேர்ந்து பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டவர்களின் மொழி அறிந்தவர்கள் கையிலேயே கரண்டி போயிருக்கிறது.

நம் சபைகள் சறுக்குவது இங்கேதான். சமையல் தடபுடலாக நடக்கும், பதிவேடு இருக்காது. முந்தி நிற்பவருக்கு இரண்டு பொட்டலம், படியிறங்க முடியாத பாட்டிக்கு ஒன்றுமில்லை. தெருவாரியாக ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக இருவர் வேண்டும், ஒருவருக்காவது இங்குள்ள ஸூலு மொழி தெரிந்திருக்கட்டும்.

100 பேருக்கு 10 கிலோ அரிசி, 4 கிலோ பருப்பு தாராளம். காலையில் வடித்த சோற்றை மூடிய அண்டாவில் மாலைவரை வைக்காதீர்கள். வெதுவெதுப்பில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

ஜெபக்கூட்டத்துக்கு வந்தால்தான் சோறு என்ற நிபந்தனை மட்டும் வேண்டவே வேண்டாம். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் விசுவாசத்தைச் சுமந்து வந்தது எந்தப் பொட்டலத்துக்காகவும் அல்ல. கேட்பவருக்குச் சுவிசேஷம் சொல்லுங்கள், கேளாதவருக்கும் அதே அளவு பரிமாறுங்கள்.

சபை ஊழியர் ஒருவர்,
டர்பன்